பத்திக்கு ஒரு டிக்

கொலைவெறியோடு வந்தவன் கையில் ஒரு ஸ்கேலையும் சிவப்புப் பேனாவையும் கொடுத்து முதல் வரிசையில் உட்காரவைத்தால் எப்படி இருக்கும்? நெட்டைக்கு அப்படித்தான் இருந்தது.

முழங்கால் இரண்டும் மேஜைக்கு அடியில் முட்டிக்கொண்டு நின்றன. ஜன்னல் வழியாக வந்த காலை வெயில் அவன் முன்னாலிருந்த வெள்ளைத் தாளில் விழுந்து கண்ணைக் குத்தியது. கண்ணாடித் தடுப்புக்கு அந்தப் பக்கம், தலையைக் குனிந்து தட்டச்சு செய்துகொண்டிருந்த ஒரு ஆளின் கழுத்தையே அவன் பார்த்துக்கொண்டிருந்தான். ஒல்லிக் கழுத்து. ஒரு கை போதும்.

"கழுத்தை அளந்தது போதும். ஸ்கேல் அதுக்கு இல்லை," என்றார் பக்கத்தில் இருந்த வக்கீலம்மா, உதடு அசையாமல்.

கறுப்புக் கோட்டை ஒருநாள் ஆணியில் மாட்டியவர் திரும்ப எடுத்துப் போடவே இல்லை. கோர்ட்டில் உண்மையைச் சொல்லிக் களைத்துவிட்டேன், இனிமேல் தேடிப் பார்க்கிறேன் என்று துப்பறிய வந்துவிட்டார். நெட்டை அவருடைய உதவியாளன். கார் ஓட்டுவான், பூட்டுத் திறப்பான், நேரம் காலம் தெரியாமல் ஜோக் அடிப்பான். இன்றைக்கு இருவருமே மாணவர்கள். இந்தப் பதிப்பகம் அச்சுக்கு முன் பிழை திருத்தும் புரூஃப் வேலைக்கு ஆள் தேடி நடத்தும் வகுப்பில் பெயர் கொடுத்து உள்ளே நுழைந்திருந்தார்கள்.

ஆள் எதற்குத் தேடுகிறார்கள் என்பதுதான் நெட்டையை எரித்துக்கொண்டிருந்தது. காலியாக இருந்தது அவனுடைய அக்காவின் நாற்காலி.

வீட்டு மருத்துவக் கையேடு என்று ஒரு புத்தகம். சளி மருந்து ஒன்றைப் பற்றிய பக்கத்தில், 'இரண்டு வயதுக்குக் குறைந்த குழந்தைகளுக்கு இதைக் கொடுக்கவே கூடாது' என்று தனிப் பத்தியாக ஒரு எச்சரிக்கை இருந்திருக்க வேண்டும். எழுதிய டாக்டர் எழுதித்தான் கொடுத்தார். அச்சில் வரவில்லை. ஒரு தாய் புத்தகத்தைத் திறந்து வைத்துக்கொண்டே கைக்குழந்தைக்கு மருந்தை ஊற்றினாள். குழந்தை ஆஸ்பத்திரியில் குழாய்களுக்கு நடுவில் கிடந்து, எமன் வாசல்வரை போய்த் திரும்பியது. அந்தப் பக்கத்தின் புரூஃபில், எல்லாம் சரி என்று கையெழுத்துப் போட்டிருந்தவள் அக்கா.

வேலை போனது. இன்று சாயங்காலம் முதலாளியின் அறைக்கு வந்து, 'என் கவனக்குறைவே காரணம்' என்ற வாக்குமூலத்தில் அக்கா கையெழுத்திட வேண்டும். போட்டுவிட்டால் அத்தோடு முடிந்தது. இன்னொரு புத்தகத்தை அவளிடம் யாரும் கொடுக்க மாட்டார்கள். அவளும் தொட மாட்டாள்.

"நான் போடறேன்டா தம்பி," என்று அக்கா நேற்று சொன்னாள். "அன்னிக்கு எனக்குக் காய்ச்சல். மாத்திரை போட்டுட்டு உட்கார்ந்தேன். நடுவுல தூங்கிட்டேனோ என்னமோ. யாருக்குத் தெரியும்?"

அதைச் சொல்லும்போது அவள் அழவில்லை. அழுதிருந்தால் நெட்டை தாங்கியிருப்பான். வேலை போன நாளிலிருந்து, பொட்டலம் சுற்றி வந்த காகிதத்தைக்கூட எழுத்து கண்ணில் படாமல் கவிழ்த்து வைத்தாள். தெருவில் போனால் கடைப் பலகைகளைப் பார்க்காமல் தரையைப் பார்த்து நடந்தாள். படிப்பதற்கென்றே பிறந்த கண்கள், எழுத்தைக் கண்டு பயந்தன. அந்தப் பயத்தைக் கொடுத்தவன் எவனோ, அவனை விடக் கூடாது என்று நெட்டை அன்றைக்கே முடிவு செய்துவிட்டான். பக்கத்தை வடிவமைத்தது கீபோர்டு என்று எல்லோரும் கூப்பிடும் இந்த ஒல்லிக் கழுத்துக்காரன். போதாதா?

"வணக்கம்."

அறை நிமிர்ந்து உட்கார்ந்தது. வகுப்பெடுக்கும் டீச்சர் உள்ளே வந்திருந்தார். நாற்பதைத் தாண்டியிருப்பார். இழுத்துக் கட்டிய கொண்டை, கஞ்சி போட்ட புடவை. அந்தக் குரல் மட்டும் தனி ஜாதி. முதுகுக்குப் பின்னால் மணி அடித்த மாதிரி இருக்கும். அலுவலகத்தில் அவருக்கு வெண்கலம் என்று பட்டப்பெயர். மூலப்பிரதிகளைச் சத்தமாக வாசிப்பதுதான் பல வருடங்களாக அவர் வேலை.

"படிக்கத் தெரிஞ்சவங்களுக்குத்தான் புரூஃப் பார்க்கிறது கஷ்டம்," என்று ஆரம்பித்தார். "உங்க கண்ணு எழுத்தைப் பார்க்காது. ஊகிக்கும். பாதியைப் பார்த்துட்டு மீதியை அதுவே போட்டுக்கும். அதனால ஸ்கேலை வரிக்கு அடியில வெச்சு, அடுத்த வரியை மறைங்க. கண்ணு ஓடக் கூடாது, நடக்கணும்."

எல்லோரும் ஸ்கேலை வைத்தார்கள்.

"முதல் தடவை எழுத்துக்காகப் படிங்க. ரெண்டாவது தடவை அர்த்தத்துக்காகப் படிங்க. ரெண்டையும் சேர்த்துப் பார்த்தா ரெண்டும் போச்சு. தலைப்பை விட்டுடாதீங்க. இருக்கிறதிலேயே பெரிய எழுத்துல இருக்கிற தப்பைத்தான் யாரும் பார்க்க மாட்டாங்க. ஒரு தப்பைக் கண்டுபிடிச்சிட்டீங்களா? சந்தோஷப்படாதீங்க. அந்த சந்தோஷத்துல கண்ணு அசந்துடும். பக்கத்திலேயே இன்னொண்ணு ஜம்முனு உட்கார்ந்திருக்கும்."

"நம்ம தொழிலும் இதேதான்," என்றார் வக்கீலம்மா.

"நம்ம தொழில்ல ஸ்கேலால அடிக்கலாமா?"

"வாயை மூடிட்டு எழுதிக்கோ."

"ஆனா ஒரு தப்பு மட்டும் தனியா உட்கார்ந்து பார்த்தா மாட்டவே மாட்டாது," டீச்சரின் குரல் தாழ்ந்தது. "இல்லாதது. ஒரு பத்தியே விட்டுப்போனா, மேல இருக்கிற பத்தியும் கீழ இருக்கிற பத்தியும் கைகோத்துக்கும். பக்கம் மூக்கும் முழியுமா அழகா இருக்கும். இல்லாததை எப்படிப் பார்க்கிறது? அதுக்குத்தான் இங்கே ரெண்டு பேர். ஒருத்தர் மூலத்தை வெச்சுக்கிட்டுச் சத்தமா வாசிப்பாங்க, புள்ளி, கமா எல்லாம் சொல்லி. இன்னொருத்தர் புரூஃபைப் பார்த்துக் குறிப்பாங்க. ஒரு பத்தி முடிஞ்சதும் வாசிக்கிறவங்க 'பத்தி'ன்னு சொல்லணும். கேட்டதும் குறிக்கிறவங்க ஓரத்துல ஒரு டிக். வாசிக்கிறவங்க புரூஃபைப் பார்க்கக் கூடாது. முன்கூட்டியும் பார்க்கக் கூடாது."

"ஏன் டீச்சர்?" வக்கீலம்மா நல்ல மாணவி போலக் கையைத் தூக்கினார்.

"பார்த்துட்டா, மூலத்துல இருக்கிறதை வாசிக்க மாட்டாங்க. புரூஃப்ல என்ன இருந்துச்சோ அதை வாசிக்க ஆரம்பிச்சுடுவாங்க. மனசு அப்படி."

பிறகு அவர் ஒரு உறையிலிருந்து நகல் தாள்களை எடுத்து எல்லோருக்கும் கொடுத்தார். நெட்டை தன் தாளைப் பார்த்தான். சளி மருந்து. ஓரத்தில் அக்காவின் சிவப்புக் குறிகள், குருவிக்கால் மாதிரி. அடியில் அக்காவின் கையெழுத்து. கூடவே டாக்டர் எழுதிய மூலப் பக்கத்தின் நகலும் இருந்தது.

"இப்படியும் நடக்கும்னு தெரிஞ்சுக்கத்தான்," என்றார் டீச்சர். "அன்னிக்கு வாசிச்சது நான்தான். இந்த எச்சரிக்கையை வாசிச்சது இப்பவும் என் காதுல கேட்குது. அவளுக்குக் காய்ச்சல். காதுல விழல. பாவம், நல்ல பொண்ணு. வேலையை விட்டு எடுக்காதீங்கன்னு முதலாளிகிட்ட எவ்வளவோ சொன்னேன்." கண்ணோரத்தைப் புடவைத் தலைப்பால் ஒற்றிக்கொண்டார்.

நெட்டை அவரையே பார்த்தான். அக்காவைத் திட்டாமல் பேசிய முதல் ஆள். அக்கா தன் வீட்டு மனிதர்களை ஆபீசுக்கு அழைத்து வந்ததே இல்லை என்பதால் அவனை அந்த அம்மாவுக்குத் தெரியாது. தெரிந்திருந்தால் எழுந்து கும்பிட்டிருப்பான்.

*

தேநீர் இடைவேளையில் கீபோர்டு தண்ணீர் பிடிக்க மாடிப்படிக்குப் பக்கத்திலிருந்த சின்ன அறைக்குப் போனான். திரும்பும்போது வாசல் இல்லை. வாசல் இருந்த இடத்தில் நெட்டை நின்றான்.

"யாருங்க நீங்க?"

"புது ஸ்டூடண்ட். ஒரு சந்தேகம். ஒரு பத்தியை எப்படிக் காணாமப் போகப் பண்றது? எனக்குச் சொல்லிக்கொடேன்."

நெட்டையின் கை சட்டைக் காலரைப் பிடித்துவிட்டிருந்தது. பல நாட்களாக அந்தக் கை இதற்காகத்தான் காத்திருந்தது. உள்ளங்கை சூடாக, நிறைவாக இருந்தது.

"சார், என் தப்புதான் சார்!" கீபோர்டு ஒளிக்கக்கூட முயலவில்லை. "பக்கம் நிரம்பி வழிஞ்சுது. அந்தப் பத்தியை வெட்டி எடுத்தேன், இடத்தைச் சரி பண்ணிட்டுத் திரும்ப ஒட்டலாம்னு. போன் வந்துச்சு. பேசிட்டு வந்து ஒட்ட மறந்துட்டேன். அன்னிக்கே முதலாளிகிட்ட ஒத்துக்கிட்டேன். 'டைப் அடிக்கிறவன் தப்பு பண்ணத்தான் செய்வான், பிடிக்கத்தான் புரூஃப்'னு சொல்லி என்னை விட்டுட்டார். அந்தக் குழந்தை முகத்தை ஆஸ்பத்திரியில போய்ப் பார்த்தேன் சார். நீங்க அடிச்சா வாங்கிக்கறேன்."

அடித்தால் வாங்கிக்கொள்கிறேன் என்று சொல்பவனை எப்படி அடிப்பது? நெட்டைக்கு ஆத்திரம் இரண்டு மடங்கானது. ஓங்கிய கையை என்ன செய்வதென்று தெரியவில்லை.

"கையை எடு," என்றது பின்னாலிருந்து வக்கீலம்மாவின் குரல். "சட்டை கசங்குது. தம்பி, நீங்க அந்தப் பக்கத்தை அச்செடுத்து யார்கிட்ட கொடுத்தீங்க? நேரா புரூஃப் ரீடர்கிட்டயா?"

கீபோர்டு காலரைச் சரிசெய்துகொண்டான். "இல்லைங்க. டீச்சர் வீட்டுக்குக் கிளம்பறப்ப வந்து வாங்கிக்கிட்டாங்க. 'அவளுக்கு உடம்பு சரியில்ல, நாளைக்குக் காலையில நானே அவ மேஜையில வெச்சுடறேன்'னு சொன்னாங்க."

"எப்பவும் அவங்கதான் வாங்குவாங்களா?"

"இல்லைங்க. அன்னிக்கு மட்டும்தான்."

வக்கீலம்மா தலையாட்டினார். வெளியே வந்ததும் நெட்டை பொருமினான். "என்ன வக்கீலம்மா இது? வில்லன்னு நினைச்சுப் பிடிச்சா அவன் நம்மளைவிட அதிகமா அழறான். ஒரு நல்ல வில்லன்கூடக் கிடைக்காத கேஸ்."

"அவசரப்படாதே. ஒரு தப்பு கண்டுபிடிச்சா சந்தோஷப்படக் கூடாதுன்னு காலையில பாடம் நடந்துச்சே, எழுதிக்கிட்டியா?"

"எழுதினேன். பக்கத்திலேயே இன்னொண்ணு உட்கார்ந்திருக்கும்."

"ஜம்முனு," என்றார் வக்கீலம்மா.

*

மதியம் பயிற்சி. இரண்டிரண்டு பேராகப் பிரித்தார்கள். வக்கீலம்மா வாசிக்க, நெட்டை குறிக்க வேண்டும். தண்ணீர் வடிகட்டியைச் சுத்தம் செய்வது எப்படி என்று ஒரு கட்டுரை. உலகத்திலேயே தூக்கம் வரவழைக்கும் கட்டுரைகளுக்குப் போட்டி வைத்தால் அது நடுவராகப் போகலாம்.

"மூடியை இடப்பக்கம் திருகித் திறக்கவும் புள்ளி பத்தி."

டிக்.

நெட்டையின் கண் தாளில் இருந்தது. மனம் வீட்டில், ஜன்னல் சாத்திய அறையில் இருந்தது. சாயங்காலம் அக்கா படியேறி வருவாள். பேனாவை நீட்டுவார்கள். அவளும் வாங்கிக்கொள்வாள். பத்தி. டிக். அவள் கையைப் பிடித்துத் தடுக்க ஒரு ஆதாரமாவது வேண்டாமா? பத்தி. டிக். கீபோர்டு பண்ணினது மறதி. பத்தி. டிக். அப்படியானால் தூங்கியது அக்காவேதானா? பத்தி. டிக்.

"நிறுத்துங்க!" டீச்சர் அவன் தோளுக்கு மேலாகக் குனிந்து சிரித்துக்கொண்டிருந்தார். "இதோ பாருங்க எல்லாரும். இந்தப் பயிற்சியில நான் வேணும்னே ஒரு பத்தியை எடுத்துட்டேன். மூலத்துல இருக்கு, புரூஃப்ல இல்லை. இவரோட பார்ட்னர் அதை வாசிச்சாங்க. இவர் கண்டுபிடிச்சாரா? இல்லை. ஆனா டிக் மட்டும் அடிச்சிருக்கார்!"

நெட்டை பார்த்தான். இரண்டு பத்திகளுக்கு நடுவில், எழுத்தே இல்லாத வெற்றிடத்துக்கு நேராக, ஓரத்தில் ஒரு சிவப்பு டிக். சொந்தக்காரன் இல்லாத செருப்பு மாதிரி.

வகுப்பு சிரித்தது.

"வெட்கப்படாதீங்க, எல்லாருக்கும் இதான் நடக்கும்," என்று டீச்சர் அவன் தோளைத் தட்டினார். "மனசு தூங்கினாலும் கை தூங்காது. 'பத்தி'ன்னு காதுல விழுந்தா கை தானா அடிச்சுடும். பல வருஷமா எதிர்ல உட்கார்ந்து பார்க்கிறேனே. அரைத் தூக்கத்துலயும் அடிப்பாங்க."

அவர் அடுத்த மேஜைக்கு நகர்ந்துவிட்டார். நெட்டை நகரவில்லை. அவன் காதுக்குள் மணி அடித்துக்கொண்டிருந்தது.

"வக்கீலம்மா."

"ம்."

"கை தூங்காதாம்."

"கேட்டேன்."

"அக்காவோட பக்கத்தை எடுங்க."

அவர் ஏற்கெனவே எடுத்து விரித்திருந்தார். ஸ்கேலை ஓரத்தில் நிறுத்தி மேலிருந்து கீழே நகர்த்தினார். பத்தி, அதன் பக்கத்தில் டிக். பத்தி, டிக். எச்சரிக்கை இருந்திருக்க வேண்டிய இடத்தில் இரண்டு பத்திகள் கைகோத்துக்கொண்டு நின்றன. மேல் பத்திக்கு ஒரு டிக். கீழ்ப் பத்திக்கு ஒரு டிக். நடுவில் ஒன்றும் இல்லை. எங்கேயும் இரண்டு டிக் சேர்ந்து விழவில்லை. பக்கத்தின் கடைசிவரை ஒன்றுகூட உபரி இல்லை.

நெட்டை டிக்குகளை இன்னொரு முறை எண்ணினான். "அக்கா தூங்கியிருந்தாலும்..."

"தூங்கியிருந்தாலும் ஒரு டிக் அதிகமா இருக்கணும். இல்லை. ஏன்னா அந்தப் பத்தியை அவ காதுல யாரும் வாசிக்கவே இல்லை."

"'இப்பவும் என் காதுல கேட்குது'ன்னாங்களே! கண்ணைத் துடைச்சாங்களே!" கொஞ்ச நேரத்துக்கு முன்னால் தோளைத் தட்டிய அந்த விரல்கள் இன்னும் அங்கேயே இருப்பது போல அவனுக்கு உடம்பு கூசியது. "இந்தத் தாளை அவங்களே நமக்குக் கொடுத்தாங்க வக்கீலம்மா. அவங்க கையாலயே! எப்படிப் பார்க்காம விட்டாங்க?"

"தப்பைத் தேடியே பழகின கண்ணு அது. ஒவ்வொரு பத்திக்கும் ஒழுங்கா ஒரு டிக். இதுல தப்பு எங்கே இருக்கு? இந்தப் பக்கத்துல அவங்களை மாட்டிவிட்டதே, தப்பு இல்லாததுதான்." வக்கீலம்மா தாளை மடித்தார். "எழுந்திரு. உங்க அக்கா வர்ற நேரம்."

*

முதலாளியின் அறையில் மின்விசிறி சுற்றியது. மேஜையில் வாக்குமூலம். அதன் மேல் பேனாவின் மூடி. அக்கா பேனாவை எடுத்துவிட்டிருந்தாள்.

கதவு சுவரில் மோதித் திறந்தது.

"டேய்! நீ இங்க என்னடா பண்றே?"

"படிக்க வந்தேன்க்கா. சின்ன வயசுலேர்ந்து படி படின்னு உயிரை வாங்கினியே. இன்னிக்குத்தான் படிச்சேன். பேனாவைக் கீழ வை."

முதலாளி எழுந்தார். யார் நீங்கள், வெளியே போங்கள் என்று சொல்ல வாய் திறந்தவரின் கையில் வக்கீலம்மா தன் அட்டையைத் திணித்தார். கூடவே, டீச்சரையும் கீபோர்டையும் கூப்பிடச் சொன்னார். சொன்ன தொனியில் முதலாளிக்கு மறுக்கத் தோன்றவில்லை. பழைய கோர்ட்டுத் தொனி.

எல்லோரும் வந்த பிறகு வக்கீலம்மா இரண்டு தாள்களையும் மேஜையில் பக்கத்தில் பக்கத்தில் வைத்தார். ஒன்று நெட்டையின் பயிற்சித்தாள். இன்னொன்று அக்காவின் பக்கம். டிக்குகளை ஸ்கேலால் தொட்டுத் தொட்டுக் காட்டினார். அதிகம் பேசவில்லை. முதலாளி கண்ணாடியைக் கழற்றினார், மாட்டினார், திரும்பப் பார்த்தார்.

அக்கா மெதுவாக எழுந்து மேஜைக்கு வந்தாள். பல நாட்களுக்குப் பிறகு ஒரு காகிதத்தை நேராகப் பார்த்தாள். விரலை அந்த வெற்று ஓரத்தில் வைத்தாள்.

"அப்ப நான் தூங்கலையா?" என்றாள்.

அந்தக் கேள்வி நெட்டையைக் கத்தியால் கிழித்தது மாதிரி இருந்தது.

"அவ டிக் அடிக்காம விட்டிருக்கலாம்," என்றார் டீச்சர். குரல் இன்னும் வெண்கலம்தான்.

"அந்த ஒரு பத்திக்கு மட்டும்? அரைத் தூக்கத்துலயும் கை அடிக்கும்னு மத்தியானம் வகுப்புல சொன்னது யாருங்க, என் பாட்டியா?" என்றான் நெட்டை.

டீச்சர் அவனை நிமிர்ந்து பார்த்தார். கணக்குப் போடுகிற பார்வை. பிறகு முகம் தளர்ந்தது. கண்ணோரம் ஈரம்கூட வந்தது. "அப்படின்னா என் கண்ணு தவறியிருக்கு. ஒரு பத்தியைத் தாண்டிப் போயிருக்கு. மனுஷக் கண்ணுதானே. வாசிச்சதா நினைச்சுட்டேன். ஐயோ, அந்தப் பழியை இவ மேல போட்டேனே."

முதலாளி பெருமூச்சு விட்டார். "விபத்து. ரெண்டு பேர் பக்கமும் விபத்துன்னு வெச்சுக்கலாம்."

நெட்டை முதலாளியை முறைத்தான். அவ்வளவுதானா? கண் தவறிவிட்டது, கதை முடிந்ததா?

"ரெண்டு விபத்து," என்றார் வக்கீலம்மா நிதானமாக. "இந்தத் தம்பி மொத்தப் புத்தகத்துலயும் ஒரே ஒரு பத்தியைத் தவறவிட்டார். அது விபத்து, நம்பறேன். மூலத்தை வாசிச்ச டீச்சரோட கண்ணும் மொத்தப் புத்தகத்துலயும் ஒரே ஒரு பத்தியைத் தாண்டிப் போச்சு. அதுவும் விபத்துதான். ஆனா எந்தப் பத்தி? இவர் விட்ட அதே பத்தி! வேற எதைத் தாண்டியிருந்தாலும், 'இங்கே ஒரு பத்தி இருக்கே, நீங்க வாசிக்கலையே'ன்னு எதிர்ல இருந்தவ நிறுத்தியிருப்பா. புரூஃப்ல எது இல்லையோ அதைப் பார்த்துத் தாண்டறதுக்கு, புரூஃப்ல அது இல்லைன்னு முதல்ல தெரியணும். டீச்சர், வாசிக்கிறவங்க முன்கூட்டிப் பார்க்கக் கூடாத அந்தப் புரூஃப், அன்னிக்கு ராத்திரி யார் வீட்டுல இருந்துச்சு?"

எல்லோரும் கீபோர்டைப் பார்த்தார்கள். கீபோர்டு டீச்சரைப் பார்த்தான்.

"நீங்கதான் வாங்கிட்டுப் போனீங்க," என்றான் மெல்ல.

"இந்தக் கட்டிடத்துலயே அந்தத் தப்பைக் கண்டுபிடிச்ச ஒரே ஆள் நீங்கதான்," என்றார் வக்கீலம்மா. "பிரமாதமான கண்ணு. கண்டுபிடிச்சதைக் குறிக்கல. கத்தியா வெச்சுக்கிட்டீங்க."

டீச்சர் கொண்டையைத் தொட்டுப் பார்த்துக்கொண்டார். கண்ணோர ஈரம் காய்ந்துபோயிருந்தது. பேசியபோது குரலில் மணி இல்லை, வெறும் உலோகம் இருந்தது.

"எத்தனை புத்தகம் வாசிச்சிருப்பேன் தெரியுமா? தொண்டையில ரத்தம் வர்ற அளவுக்கு. இங்கே அச்சான எல்லாம் முதல்ல என் வாயிலேர்ந்து வந்ததுதான். புத்தகத்தைத் திறந்தா 'மெய்ப்பு பார்த்தவர்'னு போட்டு யார் பேர்? இவ பேர். நேத்து வந்தவ பேர்! கேட்டேன் முதலாளிகிட்ட. 'கையெழுத்துப் போடறவங்களுக்குத்தான் பேரு'ன்னு சிரிச்சார். சரி, பேர் கையெழுத்துக்குன்னா பழியும் கையெழுத்துக்குத்தானே?" அவர் அக்காவின் பக்கம் திரும்பினார். "ஒரு குழந்தை உயிர் வரைக்கும் போகும்னு நினைக்கல. யாராவது ஒரு டாக்டர் கண்டுபிடிச்சு எழுதுவார், நீ தலைகுனிஞ்சு நிப்பேன்னு நினைச்சேன். அவ்வளவுதான் எனக்கு வேண்டியிருந்தது."

நெட்டை பாய்ந்துவிட்டான். நாற்காலி உருண்டது. ஓங்கிய கைக்கும் அந்தக் கொண்டைக்கும் நடுவில் அக்கா வந்து நின்றாள்.

"உட்காரு தம்பி."

"அக்கா, விடு என்னை!"

"உட்காருன்னு சொன்னேன். உன் கை வலிக்கும். அவங்களுக்கு ரெண்டு நாள்ல சரியாயிடும். அது எனக்குப் போதாது."

அவள் குரலைக் கேட்டு நெட்டை உட்கார்ந்துவிட்டான். அக்காவை அவனுக்கு அப்படித் தெரியாது. கண்கள் தெளிந்து, ஊசி மாதிரி ஆகியிருந்தன. வாக்குமூலத்தை எடுத்து நிதானமாக நாலாகக் கிழித்துக் கூடையில் போட்டாள்.

"முதலாளி, போலீசுக்கு நீங்க போன் பண்ணுங்க. அவங்க வர்றதுக்குள்ள ஒரு வேலை இருக்கு. இந்தப் புத்தகம் இன்னும் கடைகள்ல இருக்கு, வீடுகள்ல இருக்கு. விட்டுப்போன பத்தியைச் சீட்டா அச்சடிச்சு ஒவ்வொரு பிரதியிலயும் ஒட்டணும். பேப்பர்லயும் போடணும். இன்னிக்கே." கீபோர்டின் பக்கம் திரும்பினாள். "ஒரு தாள் எடுத்து, நான் சொல்றதை முதல்ல கையால எழுதுங்க. அதுதான் மூலம். அப்புறம் அதைப் பார்த்து டைப் பண்ணுங்க. முதல்ல டாக்டரோட எச்சரிக்கை, அவர் எழுதின மாதிரியே. அதுக்குக் கீழ: 'இந்தப் பத்தி மூலத்தில் இருந்தது. தெரிந்தே இதை வாசிக்காமல் விட்டவர்...' அங்கே இவங்க முழுப் பேர். கொட்டை எழுத்துல."

டீச்சர் நாற்காலியின் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டார்.

"அதெல்லாம்..." முதலாளி இழுத்தார். "பதிப்பகத்துக்குக் கெட்ட பேராயிடுமேம்மா. பேர் எதுக்கு?"

"வேண்டாம்னா அந்த இடத்துல உங்க பேரைப் போட்டுக்கலாம்," என்றார் வக்கீலம்மா. "எனக்கு ஆட்சேபணை இல்லை."

முதலாளி போனை எடுத்தார்.

கீபோர்டு எழுதினான். பிறகு ஓடினான். அவன் தட்டச்சு செய்யும் சத்தம் தடுப்புக்கு அந்தப் பக்கமிருந்து மழை மாதிரி கேட்டது. சீட்டின் புரூஃப் சூடாக வந்தது. மையின் வாசனை அடித்தது. அக்கா அதை வாங்கி மேஜையில் வைத்துக்கொண்டு உட்கார்ந்தாள். தம்பியின் சட்டைப் பையிலிருந்து சிவப்புப் பேனாவை உருவினாள். கீபோர்டு கையால் எழுதிய தாளை மேஜையின் மறுபக்கம் தள்ளினாள், டீச்சர் முன்னால்.

"இங்கே எப்பவும் ரெண்டு பேர்," என்றாள். "வாசிங்க."

"என்னால முடியாது."

"இந்தச் சீட்டுலயும் தப்பு வந்து இன்னொரு குழந்தையா?"

வெளியே தெருவில் ஏதோ வண்டி நிற்கும் சத்தம் கேட்டது. டீச்சர் தாளை எடுத்தார். நெட்டை சுவரில் சாய்ந்து அந்த முகத்தையே பார்த்தான். கழுத்தை நெரித்திருந்தால்கூட இந்த முகம் கிடைத்திருக்காது.

"இரண்டு வயதுக்குக் குறைந்த குழந்தைகளுக்கு," குரல் ஆரம்பித்தது, "இதைக் கொடுக்கவே கூடாது புள்ளி... பத்தி."

அக்காவின் பேனா அசைந்தது.

"இந்தப் பத்தி மூலத்தில் இருந்தது புள்ளி. தெரிந்தே இதை வாசிக்காமல் விட்டவர்..."

குரல் நின்றுவிட்டது. வாசலில் முதலாளி, கீபோர்டு, எட்டிப்பார்த்த வகுப்பு மாணவர்கள், எல்லோரும் நின்றுகொண்டிருந்தார்கள். டீச்சரின் உதடுகள் அசைந்தன. எத்தனையோ பேருடைய எழுத்துகளை அறை முழுக்க ஒலிக்கவைத்த அந்த வாய், தன் பெயரைக் காற்றோடு காற்றாகச் சொல்லிவிட்டு மூடிக்கொண்டது.

அக்கா தலையை நிமிர்த்தவில்லை. பேனா முனை அந்தப் பெயரின் முதல் எழுத்துக்கு அடியில் காத்திருந்தது.

"கேட்கல," என்றாள். "எழுத்து எழுத்தா வாசிங்க."